கோடு விழுந்தது, ரத்தம் உறையவில்லை

1

போன வாரம் இமிகிரேசன் அலுவலகத்தில் என் மாணவர் பாஸை நான்காவது முறையாகப் புதுப்பித்துக்கொண்டேன். காலை ஏழரைக்கே போய் எண் வாங்கியும், பதினொன்றரைக்குத்தான் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நிற்க முடிந்தது. உள்ளே இருந்த மலாய்க்கார அம்மாள் என் கோப்பைப் புரட்டிவிட்டு, ஆராய்ச்சி என்று போட்டிருக்கிறதே, என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். என் மலாய் சந்தையில் மீன் வாங்கப் போதுமான மலாய். பூச்சியின் உயிரணுவை வைத்து மனிதருக்கு மருந்து செய்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். உயிரணுவுக்குச் சொல் அகப்படாமல் புழு என்று சொல்லிவிட்டேன். அம்மாள் முகத்தைச் சுளித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். பிறகு முத்திரையை எடுத்துக்கொண்டே கேட்டார்: "சரி, மருந்து வந்துவிட்டதா?"

முந்தைய வருடங்களிலும் இப்படி யாராவது கேட்டிருக்கிறார்கள். சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்வேன், முத்திரை விழும். இந்த முறை, "இல்லை. செய்தது வேலை செய்யவில்லை" என்றேன்.

முத்திரை பாதியில் நின்றது. "அப்படியானால் இன்னொரு வருடம் எதற்கு?"

என்னென்னவோ விளக்கினேன். கடைசியில் ஆறு மாதத்துக்கு மட்டும் குத்திக் கொடுத்தார். மீதிக்கு என் மேற்பார்வையாளரின் கடிதம் கொண்டுவர வேண்டுமாம். வெளியே வந்து வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு வருத்தமே வரவில்லை. உண்மையைச் சொன்னதற்கு எனக்குப் போனது ஆறு மாதம். இந்த வருடத் தொடக்கத்தில் நான் அதைச் சொல்லாமல் இருந்ததற்கு இன்னொருவருக்கு முழங்கால் போனது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம், பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். பினாங்குக்குப் படிக்க வந்தவன் இங்கேயும் புழுவிடமே வந்து சேர்ந்ததைக் கேட்டு, ஊரில் பலரும், "அதுக்கு எதுக்குப்பா கப்பலேறிப் போகணும்?" என்றார்களாம். நான் விமானத்தில்தான் வந்தேன். இருந்தாலும் கேள்வி நியாயமானது.

வேலை இதுதான். ஒரு அந்துப்பூச்சியின் சூலகத்திலிருந்து எப்போதோ யாரோ எடுத்த உயிரணுக்கள், பூச்சி செத்துப் பல வருடங்கள் ஆனபின்னும், குடுவைக்குள் இளஞ்சிவப்பு நீரில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. நம்மூர்ப் பட்டுப்புழுவுக்குப் பால் நோய் வருமே, புழு உப்பி, தோல் பழுத்து, தொட்டால் பால் மாதிரி ஒழுகிச் சாகுமே, அந்த நோயைக் கொண்டுவருகிற வைரஸின் பங்காளி ஒன்று இருக்கிறது. அதற்குள் மனிதனின் மரபணு ஒன்றைச் சேர்த்து இந்த உயிரணுக்களுக்குள் விட வேண்டும். வைரஸ் தன் வேலையைச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு நம் வேலையைச் செய்யும். மூன்றாம் நாள் உயிரணு உப்பிச் சாகும்போது அந்த நீரில் மனிதப் புரதம் கலந்திருக்கும். எந்த நோய்க்குப் பயந்து என் அப்பா புழுக்கொட்டகைக்குள் சுண்ணாம்பு தூவிக்கொண்டே இருந்தாரோ, அதைச் சேர்ந்த ஒன்றை நான் குளிர்பெட்டியில் வைத்துப் பத்திரமாக வளர்க்கிறேன். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இதை மட்டும் எழுதவில்லை.

என் மேற்பார்வையாளர் டாக்டர் ரொஹானா எனக்குக் கொடுத்தது ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்று. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஒன்பது என்று எண்தான். அது பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு அடிபட்டால் ரத்தம் நிற்காது. அடிபடாமலே மூட்டுக்குள் கசியும்.

நான் குடியிருக்கும் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார் என்பதைத் தற்செயல் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையில் டத்தோ கிராமாட் பகுதியில் அந்த மாடி அறை எனக்குக் கிடைத்ததே அதனால்தான். அறை தேடி வந்தவனிடம் என்ன படிக்கிறீர்கள் என்று பத்மா அக்கா கேட்டார். சொன்னேன். அவர் உடனே உள்ளே திரும்பி, "குணா, இங்க வா, இந்தத் தம்பி சொல்றத கேளு" என்று கூப்பிட்டார்.

குணா அண்ணன் அக்காவின் தம்பி. முப்பத்து மூன்று வயது. புக்கிட் தெங்காவில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலையில் தொழிற்சாலைப் பஸ் வந்து பாலம் தாண்டிக் கூட்டிப்போகும். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் கண்ணாடி. "கண்ணாடி வருது, ஒதுங்கு லா" என்று தள்ளுவண்டிக்காரர்கள் வழிவிடுவார்களாம். அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பயம் உண்டு. மூட்டு வீங்கினால் ஆஸ்பத்திரியில் பிளாஸ்மா ஏற்றுவார்கள். பலர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீர். சில வருடங்களுக்கு முன்னால் அவரோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒருவர், எங்கோ வாங்கிய ரத்த மருந்தின் வழியாக எய்ட்ஸ் என்கிற அந்தப் புது நோய் வந்து இறந்துபோனார். இப்போது ரத்தத்தையெல்லாம் சோதித்துத்தான் தருகிறார்கள் என்று டாக்டர்கள் சொன்னாலும் குணா அண்ணன் அந்தப் பிளாஸ்மாப் பையைப் பார்க்கவே மாட்டார். "உங்க பூச்சி மருந்துல அந்தத் தொல்லை இல்லல்ல தம்பி?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

இல்லை என்பேன். அது உண்மைதான். அந்த உண்மையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை ஜெல்லில் கோடு விழுந்தது. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கிற ஜெல் அது. எங்கள் புரதம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே, கன்னங்கரேலென்று ஒரு கோடு. வைரஸ் விடாத உயிரணு இருந்த வரிசையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. டாக்டர் ரொஹானா வெளிச்சப் பெட்டியின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "வந்திருக்கிறது. வேலை செய்கிறதா என்று இனிமேல்தான் தெரியும்" என்றார்.

முதல் வாக்கியம் மட்டும் என் காதில் தங்கியது. படத்தை நகலெடுத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அக்கா சமையற்கட்டில் நெத்திலிச் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வந்துருச்சு."

"என்ன வந்துச்சு? ஊர்லேர்ந்து கடுதாசியா?"

"மருந்து. இந்தாங்க, இந்தக் கோடுதான்."

அக்கா அடுப்பை அணைத்தார். கையை நன்றாகக் கழுவிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அந்தத் தாளை வாங்கினார். நேரே சாமி அறைக்குப் போய், முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, மூலையில் விபூதி பூசினார்.

அக்காவின் மகள் கவிதாவுக்குப் பதினான்கு வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. என் அப்பாவிடமிருந்து வரும் கடிதங்களை ஏதோ கோலப் புத்தகம் போல விரித்துப் பார்ப்பாள். சாமி அறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குணா அண்ணனிடம், "மாமா, அம்மா பார்கோடுக்குப் பூசை பண்றாங்க, என்னா கேஸ் இது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சாப்பிடும்போது அவள்தான் கேட்டாள்: "டெஸ்ட் பண்ணியாச்சா அங்கிள்?"

"பண்ணணும்."

"ஃபெயில் ஆனா?"

"வாயக் கழுவு" என்றார் அக்கா.

குணா அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நாள் ஆகும் தம்பி?"

எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு நோயாளியின் கைக்கு வரப் பத்து வருடமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். "கொஞ்ச நாள் ஆகும்ண்ணே" என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். என் படிப்பு ஒரு வீட்டின் சாமி அறைக்குள் போனதை அன்றுதான் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து அதை இறக்கி வைக்க மனம் வரவில்லை.

4

அடுத்த மாதம் உறைதல் சோதனை செய்தோம். அது எளிமையான சோதனை. ஒன்பது இல்லாத பிளாஸ்மாவைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து, நாம் செய்த புரதத்தை விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கையில் ஒரு கடிகாரம். நோயில்லாத மனிதரின் பிளாஸ்மா விட்ட குழாயில் ஒரு நிமிடத்துக்குள் நீர் இழுபட்டுக் கட்டி தட்டியது. எங்கள் குழாயில் நீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாக ஓடியது. மூன்று நாள், மூன்று முறை.

காரணத்தை டாக்டர் ரொஹானா பலகையில் எழுதிக் காட்டினார். மனித ஈரலில் இந்தப் புரதம் உருவானபின் அதன் ஒரு முனையில் சில சிறு மாற்றங்கள் நடக்க வேண்டும். அப்போதுதான் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும். பூச்சியின் உயிரணுவுக்கு அந்தக் கடைசி வேலை சரியாக வரவில்லை. பட்டுநூல் வந்துவிட்டது, சாயம் பிடிக்கவில்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். "வேறு வழி தேடலாம். இதுவும் ஒரு முடிவுதான், எழுதி வை" என்றார் அவர். அவருக்கு அது முடிவு. எனக்குச் சாமி அறையில் விபூதியோடு நிற்கிற ஒரு தாள்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். குளித்துவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன்.

ஊரைப் பற்றி நல்லதாகவே எழுதிப் பழகிவிட்டோம். இந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான் பத்தாவது படித்த வருடம் எங்கள் கொட்டகையில் பால் நோய் வந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு: வீட்டில் நோய் வந்தால் வெளியே மூச்சு விடமாட்டார்கள். தெரிந்தால் மிச்சம் மீதி கூட்டையும் சந்தையில் யாரும் தொடமாட்டான். உப்பிய புழுக்களைப் பொறுக்கிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினோம். இரண்டாம் நாள் பக்கத்துத் தோட்டத்து முனியப்பா மாமா வந்து, அவர் புழு கூடு கட்டும் பருவத்துக்கு வந்துவிட்டதென்றும் அதற்கு விடுகிற மூங்கில் தட்டு இரண்டு குறைகிறதென்றும் சொல்லிக் கேட்டார். இல்லை என்றால் ஏன் இல்லை என்ற கேள்வி வரும். அப்பா என்னைப் பார்த்தார். நானே இரண்டு தட்டையும் தலையில் சுமந்துபோய் அவர் வாசலில் இறக்கினேன். எனக்குத் தெரியும். நோய் ஒட்டிய தட்டுகள், கழுவக்கூட இல்லை. அவருடைய அடுத்த வளர்ப்பு முழுக்கப் போயிற்று. எப்படி வந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. "எங்கேர்ந்துடா வந்துச்சு இந்தச் சனியன்" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் அழுதார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தார்.

5

தைப்பூசத்தன்று பத்மா அக்கா பால்குடம் எடுத்தார். கோடு விழுந்த வாரமே நேர்ந்துகொண்டுவிட்டாராம். குணா அண்ணனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, கூட்டத்தில் யாராவது இடித்தாலும் ஆபத்து. அதனால் கூடப் போக நான்தான். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அக்கா மஞ்சள் சேலை, மஞ்சள் துணி கட்டிய குடம். நான் அவருடைய செருப்பும் தண்ணீர்ப் போத்தலும். தேங்காய் உடைத்த சாலையெல்லாம் இளநீரும் ஓடுமாக வழுக்கியது. "பாத்து தம்பி, ஓடு குத்தும்" என்று தலையில் குடத்தோடு அவர் என்னை எச்சரித்துக்கொண்டே வந்தார்.

தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டுக்குக் கீழே கூட்டம் நின்றுவிட்டது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்போது அவர் சொன்னார்: "தம்பி, நீங்களும் ஒரு தடவ குடத்தத் தொடுங்க. உங்க கையால வந்ததுதானே."

சொல்லியிருக்கலாம். தவில் சத்தம் காதைப் பிளந்தது, பின்னாலிருந்து வேல் வேல் என்று தள்ளினார்கள், இந்த இடத்திலா சொல்வது என்று தோன்றியது. எல்லா இடத்திலும் அப்படித்தான் தோன்றும். கையை நீட்டிக் குடத்தைத் தொட்டேன். பித்தளை வெயிலில் சூடாகியிருந்தது.

6

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை குணா அண்ணன் தொழிற்சாலைப் பஸ் படியில் முழங்காலை இடித்துக்கொண்டார். அன்று ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய் வீங்கியது. புதன்கிழமை கால்சட்டையைக் கத்தரித்துத்தான் கழற்ற முடிந்தது. வழக்கமாக இந்த நிலையில் அக்கா டாக்சி பிடித்துவிடுவார். இந்த முறை குணா அண்ணன் போகமாட்டேன் என்றார். ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கண்டவன் ரத்தத்த இனிமே நான் ஏத்திக்கமாட்டேன்க்கா. இத்தன வருசம் தப்பிச்சேன். தம்பி மருந்து வரப்போற நேரத்துல போயி மாட்டிக்கணுமா?"

அக்காவும் வற்புறுத்தவில்லை. அவருக்கும் நம்பிக்கை இருந்தது; அதற்காக அவர் மலை ஏறியிருக்கிறார். "இன்னும் ரெண்டு மூணு மாசம்தானே தம்பி?" என்று என்னிடம் கேட்டார். நான், "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமேண்ணே, எதுக்கும் நல்லது" என்றேன். எதுக்கும் நல்லது! வியாழனும் வெள்ளியும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னேன். சனிக்கிழமை காலை, வாசலைக் கடந்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். முழங்கால் சுரைக்காய் அளவுக்கு இருந்தது, தோல் பளபளத்தது. கவிதா பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் பையை மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "அந்த டெஸ்ட் என்னாச்சு அங்கிள்?"

"ஃபெயில்" என்றேன்.

குணா அண்ணன் சுவரிலிருந்து தலையைத் திருப்பினார். "என்னா?"

"கோடு வந்ததுண்ணே. ஆனா அது வேலை செய்யல. ரத்தத்துல விட்டா உறையல. மூணு தடவ பார்த்தோம். உங்களுக்கு மருந்து வராது. வந்தாலும் பத்து வருசம் ஆகும். நீங்க இப்பவே ஆஸ்பத்திரி போகணும்."

"எப்ப தெரியும்?"

"டிசம்பர்ல."

அவர் விரல்விட்டு எண்ணினார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. சமையற்கட்டு வாசலில் அக்கா நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"பூசத்துக்கு முந்தியே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"கொடத்தத் தொட்டீங்களே."

குணா அண்ணன்தான் முதலில் அசைந்தார். "அக்கா, டாக்சிக்கு போன் போடு. அப்புறம் சண்ட போடலாம்." பிறகு என்னிடம், "பிடிங்க லா. நிக்கிறீங்க பாரு, சிலை மாதிரி" என்று கையை நீட்டினார். நானும் கவிதாவும் சேர்ந்து அவரைத் தூக்கினோம். அன்று பிற்பகல் கட்டிலில் அவர் கையில் மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியபோது அவர் பையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேசுங்க, ஏதாச்சும் பேசுங்க" என்றார். அந்தப் பை எப்படிச் சோதிக்கப்பட்டு வருகிறது என்று டாக்டர் சொன்னதை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இதை ஆறு மாதம் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். என் மருந்தே தேவைப்பட்டிருக்காது.

7

ரத்தம் நின்றது. முழங்கால் திரும்பவில்லை. முதல் நாளே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இப்போது அது பாதிக்கு மேல் மடங்காது. நின்று வேலை செய்கிற வரிசையிலிருந்து அவரை எடுத்து, கிடங்கில் உட்கார்ந்து பட்டியல் எழுதும் வேலையில் போட்டிருக்கிறார்கள். ஓவர்டைம் கிடையாது.

பத்மா அக்கா என்னைக் காலிசெய்யச் சொல்லவில்லை. சொல்வார் என்று இரண்டு வாரம் பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருந்தேன். ஒருநாள் மாடிக்கு வந்து அந்தத் தாளைக் கொடுத்தார். விபூதியை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்திருந்தார். "இது உங்க படிப்புச் சாமான். நீங்களே வச்சுக்குங்க" என்றார். சோறு வழக்கம்போலத்தான் போடுகிறார். கேட்டதற்குப் பதில் சொல்கிறார். நான் இருக்கும்போது சாமி அறைக் கதவைச் சாத்திவிடுகிறார்.

குணா அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "திரும்ப செய்றீங்கதானே?" என்று கேட்டார். செய்கிறோம், மரபணுவோடு இன்னொன்றையும் சேர்த்து விடுகிறோம், உயிரணுவுக்கு அந்தக் கடைசி வேலையைக் கற்றுத்தர முடியுமா என்று பார்க்கிறோம் என்றேன். "எனக்கு அதெல்லாம் விளங்காது. என்னா வந்தாலும் அன்னிக்கே சொல்லணும். நல்லது மட்டும் கொண்டாந்தா மூஞ்சியிலயே அடிப்பேன்."

எங்கள் வீட்டில் என் கடிதங்களைத் தங்கை படித்துக் காட்டுவாள், அப்பா சொல்லச் சொல்லப் பதிலும் அவளே எழுதுவாள். போன மாதக் கடிதத்தில் முனியப்பா மாமாவின் தட்டைப் பற்றி அப்பாவுக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை.

நேற்று புதிய வைரஸின் சோதனை. குழாயைச் சாய்த்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நீர் ஓடியது. ஐந்தாம் நிமிடத்தில் லேசாக ஒரு நூல் இழுபட்டது போல இருந்தது. டாக்டர் ரொஹானா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதை உறைதல் என்று எழுதாதே" என்றார். நோட்டில் உறையவில்லை என்று எழுதிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டு, தாழ்வாரத்தில் இருக்கும் பொதுத் தொலைபேசிக்குப் போனேன். பிற்பகல் மூன்று மணி. அன்று குணா அண்ணனுக்கு விடுமுறை.

அக்காதான் எடுத்தார்.

"அக்கா, நான்தான். இன்னைக்குச் சோதனை பண்ணோம். உறையல."

பின்னால் தொலைக்காட்சியில் ஏதோ மலாய் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட சொல்லாதீங்க. அவன்கிட்டயே சொல்லுங்க" என்று ரிசீவரை மேசைமேல் வைத்தார். "குணா, போன்."

முன்னறையிலிருந்து தொலைபேசி மேசைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். நாற்காலி பின்னால் நகர்வது கேட்டது. பிறகு கைத்தடி சிமெண்டுத் தரையில் ஊன்றுகிற ஒலி, அதன் பின்னால் மடங்காத கால் இழுபடுகிற ஒலி. மறுபடி தடி. மறுபடி கால். நாணயம் தீர்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றைப் போட்டுவிட்டு, அவர் வந்து சேரும்வரை ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.